தீபாவளிக் கூட்டமும் ஃப்ளூ காய்ச்சலும்: ஜவுளிக் கடை எதற்கு முதலில் செலவழிக்கலாம்?

ஆடித் தள்ளுபடி முடிந்து கணக்கைப் பார்த்து வைத்ததும் ஜவுளிக் கடைகளில் அடுத்த பேச்சு தீபாவளிதான். சரக்கு, கூடுதல் ஆள், சீரியல் லைட், விளம்பரம் என்று பட்ஜெட் போடுவார்கள். ஃப்ளூ காய்ச்சலுக்கென்று அதில் ஒரு வரி இருக்காது. இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் காலண்டர். இந்தியாவில் இன்ஃபுளுயன்சா, அதாவது ஃப்ளூ, எந்த ஊரில் எந்த மாதம் கூடுகிறது என்று ஆய்வு செய்திருக்கிறார்கள். டெல்லி, புனே, கொல்கத்தாவில் தென்மேற்குப் பருவமழையோடு ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை உச்சம். ஸ்ரீநகரில் குளிர்காலம். சென்னையிலும் வேலூரிலும் மட்டும் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பர். அதாவது கடையில் நிற்க இடமில்லாத அதே வாரங்கள், மழைக்காகக் கதவைச் சாத்தி ஏசி ஓடும் அதே வாரங்கள், யாருக்கும் லீவு கிடையாது என்று முதலாளி அறிவித்துவிடும் அதே வாரங்கள்.

நான் கடைகளுக்குக் கணக்கு பார்ப்பவன், டாக்டர் இல்லை. அதனால் இதை ஒரு செலவுக் கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறேன். முப்பது பேர் வேலை செய்யும் நடுத்தர ஜவுளிக் கடை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மாதம் 15,000 ரூபாய் சம்பளம், அதாவது நாளுக்கு 500. தடுப்பூசி, சம்பளத்தோடு லீவு, காற்றோட்டம், மாஸ்க், சானிடைசர், கண்ணாடித் தடுப்பு, காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி: இத்தனையும் சந்தையில் இருக்கின்றன. எதற்கு முதல் ரூபாய்?

முடிவு எடுக்கும் முன் நோயைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். ஒன்று, வைரஸ் உள்ளே போய் ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள், பெரும்பாலும் இரண்டாம் நாளில், உடம்பு காட்டிக்கொடுக்கும். ஆனால் அதற்கு ஒரு நாள் முன்பே அவர் மற்றவருக்குப் பரப்பத் தொடங்கியிருப்பார். இரண்டு, அதிகமாகப் பரப்புவது காய்ச்சல் வந்த முதல் மூன்று நாள். அப்புறம் குறைந்துகொண்டே வந்து ஐந்து முதல் ஏழு நாளில் பெரும்பாலும் அடங்கும். ஆக, எந்த வழியை எடைபோட்டாலும் கேட்க வேண்டியது இதுதான்: அந்த முதல் மூன்று நாளில் அந்த ஆள் எங்கே நிற்கிறார்?

இப்போதைய நடைமுறையில் அவர் கவுண்டரில்தான் நிற்கிறார். புடவையைப் பிரித்துத் தோளில் போட்டுக் காட்டுகிறார், வாடிக்கையாளர் முகத்துக்கு இரண்டு அடி தூரத்தில் பேசுகிறார், மத்தியானம் எல்லோரோடும் மெஸ்ஸில் சாப்பிடுகிறார். ஏன் வந்தார்? லீவு போட்டால் அன்றைய சம்பளம் போகும். சீசனில் லீவு போட்டால் இன்சென்டிவும் போகும். சில இடங்களில் தீபாவளி போனஸிலும் கை வைப்பார்கள். அதனால் காலையில் ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார். மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்குகிறது, பரவுவதை நிறுத்துவதில்லை.

அதனால் என் கணக்கில் முதல் ரூபாய் லீவுக்குத்தான். சட்டம் இதை ஏற்கெனவே சொல்கிறது என்பதுதான் வேடிக்கை. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, ஒரு கடை ஊழியருக்கு வருடத்தில் 12 நாள் வரை உடம்பு சரியில்லாமைக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அது போக 12 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. எத்தனை கடைகளின் வருகைப் பதிவேட்டில் இந்தப் பத்தி இருக்கிறது என்பது தனிக் கதை.

"எங்களிடம்தான் இ.எஸ்.ஐ. இருக்கிறதே, அதில் வாங்கிக்கொள்ளட்டும்" என்பது முதலாளிகளின் வழக்கமான பதில். இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு நல்ல திட்டம், மறுக்கவில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை கிடைக்கும். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. நோய் வந்த முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. பதினைந்து நாளுக்குள் மறுபடியும் விழுந்தால்தான் விதிவிலக்கு. ஃப்ளூவில் மற்றவருக்கு அதிகம் ஒட்டும் நாட்கள் சரியாக அவைதான். மூன்றாம் நாள் 70 சதவீதத்துக்காக டிஸ்பென்சரி வரிசையில் நின்று சான்றிதழ் வாங்கி வருவதைவிட, முதல் நாளே கடைக்கு வந்துவிடுவது அவருக்கு லாபமாகப் படுகிறது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

இந்த இரண்டு நாள் ஓட்டையைக் கடை அடைக்க என்ன ஆகும்? முப்பது பேரில் பத்துப் பேர் சீசனில் விழுந்தால், ஆளுக்கு இரண்டு நாள் முழுச் சம்பளம் 10,000 ரூபாய். இ.எஸ்.ஐ.யை எதிர்பார்க்காமல் நான்கு நாளும் கடையே கொடுத்தால் 20,000. நுழைவாயில் அலங்காரத்துக்குப் போகும் பணத்தில் ஒரு துண்டு. அமெரிக்காவில் சில நகரங்களும் மாநிலங்களும் சம்பளத்தோடு நோய் விடுப்பைக் கட்டாயமாக்கியபோது, அங்கே ஃப்ளூ போன்ற காய்ச்சல் குறைந்ததைப் பொருளாதார ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஊர் அளவிலேயே தெரிகிற விஷயம் ஒரு கடைக்குள் தெரியாமலா போகும்?

லீவு கொடுத்தால் ஏமாற்றுவார்கள் என்ற பயம் இருக்கும். ஏமாற்றுவார்கள்தான், ஒன்றிரண்டு பேர். அதற்காக முதல் நாளே டாக்டர் சீட்டு கேட்பது தப்பான வைத்தியம். லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி உள்ளவர்கள் வீட்டில் இருந்து கவனித்தால் போதும், பரிசோதனைகூடத் தேவையில்லை என்பதுதான் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல். சீட்டு கேட்டால் அந்த ஆள் காய்ச்சலோடு பஸ் ஏறி, கூட்டமான கிளினிக்கில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இன்னும் நாலு பேருக்குக் கொடுத்துவிட்டு வருவார். ஃப்ளோர் சூப்பர்வைசருக்கு ஒரு போன் போதும், மூன்று நாளைத் தாண்டினால் சீட்டு என்று வைத்துக்கொள்ளலாம். திரும்பி வருவதற்கும் ஒரு எளிய விதி இருக்கிறது: மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை, உடம்பும் தேறி வருகிறது என்றால் வரலாம். வந்த பிறகு ஐந்து நாள் மாஸ்க்.

ஒரு சிக்கல் உண்டு. தென் மாவட்டங்களிலிருந்து வந்து கடை ஹாஸ்டலில் தங்கி வேலை செய்பவர்களுக்கு, "வீட்டிலேயே இரு" என்றால் எந்த வீடு? ஒரு அறையில் ஆறு, எட்டுப் பேர் படுக்கும் இடத்துக்குக் காய்ச்சல்காரரை அனுப்பினால், கவுண்டரில் பரவ வேண்டியது பாயில் பரவும். ஹாஸ்டல் உள்ள கடைக்கு லீவோடு இன்னொன்றும் தேவை: சீசனில் ஒரு அறையைக் காலியாக வைத்து, உடம்பு சரியில்லாதவரை அங்கே மாற்றி, சாப்பாட்டை அறைக்கே அனுப்புவது. கூடுதல் ஆள் எடுக்கும் மாதத்தில் ஒரு அறையைக் காலியாக விடுவது கஷ்டம்தான். ஆனாலும் அதற்கு மாற்று எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்து தடுப்பூசி. லீவுக்கும் இதற்கும்தான் உண்மையான போட்டி. ஊசிக்காக முன்கூட்டிக் கணித்த வைரஸ் வகையே பரவும் வருடங்களில், டாக்டரிடம் போகிற அளவுக்கு ஃப்ளூ வரும் ஆபத்தை இது 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கிறது. பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். தனியார் மருத்துவமனையில் ஒரு ஊசி சுமார் 1,500 முதல் 2,000 ரூபாய், அதற்கு மேலும் உண்டு. முப்பது பேருக்கு 45,000-லிருந்து 60,000 ரூபாய். இதனால் பத்துப் பேருக்கு வர வேண்டியது ஐந்து பேரோடு நின்றால், லீவுச் சம்பளத்தில் மிச்சமாவது 10,000 ரூபாய்தான். வெறும் சம்பளக் கணக்கில் பார்த்தால் ஊசி நஷ்டம். இதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கணக்குப்பிள்ளை பொய் சொன்னதாகிவிடும்.

ஆனால் தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் அனுபவமுள்ள பட்டுப் பிரிவு ஆள் ஒருவர் நான்கு நாள் இல்லையென்றால் போகும் வியாபாரம், அவர் சம்பளத்தைப் போலப் பல மடங்கு. அந்தக் கணக்கில் ஊசி லாபத்துக்கு வந்துவிடும். ஆடி மாதக் கூட்டத்துக்கு இந்த வாதம் அவ்வளவு பொருந்தாது.

ஊசிக்கு இன்னொரு நிபந்தனை நேரம். போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் முழுப் பாதுகாப்பு வரும். செப்டம்பர் நடுவில் போட்டால் சரி. கடையில் நாலு பேர் இருமத் தொடங்கிய பிறகு போன் போட்டால் அந்தச் சீசனுக்குப் பாதிப் பலன்தான். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், ஊசியில் என்ன வகைகள் இருக்க வேண்டும் என்று அறிவிக்கிறது. போன வருடம் போட்டது இந்த வருடத்துக்கு ஆகாது. கடையிலேயே முகாம் வைக்கச் சொன்னால் மருத்துவமனைகள் விலையில் கொஞ்சம் இறங்கி வரலாம், பேசிப் பாருங்கள். சனி, ஞாயிறு வியாபாரத்துக்கு முதல் நாள் மட்டும் வேண்டாம். சிலருக்குக் கை வலியும் லேசான காய்ச்சலும் ஒரு நாள் இருக்கும், "ஊசி போட்டதால்தான் ஃப்ளூ வந்தது" என்ற பேச்சு அங்கேதான் பிறக்கும். அந்த ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ், அதனால் ஃப்ளூ வராது.

முப்பது பேருக்கும் பணம் இல்லையென்றால்? கர்ப்பிணிகள், சர்க்கரை நோய் அல்லது ஆஸ்துமா உள்ளவர்கள், வயதானவர்கள் முதலில். இவர்களுக்கு ஃப்ளூ வெறும் காய்ச்சலாக நிற்காமல் நிமோனியா வரை போகலாம். வாட்ச்மேனையும் துப்புரவு அம்மாவையும் இந்தப் பட்டியலில் மறந்துவிடுவார்கள். பல கடைகளில் அவர்கள்தான் வயதில் மூத்தவர்கள். அடுத்து ஹாஸ்டலில் இருப்பவர்கள். விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் போடுங்கள், போடாவிட்டால் சம்பளத்தில் பிடிப்போம் என்று ஆரம்பிக்காதீர்கள்.

இனி காற்று. 1977-இல் அலாஸ்காவில் ஒரு விமானம் எஞ்சின் கோளாறால் புறப்பட முடியாமல் தரையிலேயே நின்றது. உள்ளே 54 பேர். சுமார் மூன்று மணி நேரம் காற்றோட்டக் கருவி ஓடவில்லை. பயணிகளில் ஒருவருக்கு ஃப்ளூ. மூன்று நாளுக்குள் 72 சதவீதம் பேர் படுத்துவிட்டார்கள். உள்ளே அதிக நேரம் இருந்தவர்களுக்கு ஆபத்தும் அதிகம்.

நம் கடைகளில் இதற்கு இணையான நேரம் எது தெரியுமா? பகல் கூட்டம் அல்ல. பகலில் கதவு திறந்து மூடுவதால் கொஞ்சம் காற்று வந்துபோகும். இரவு பத்தரைக்கு மேல் ஷட்டரைப் பாதி இறக்கி, மின்சாரம் மிச்சம் என்று ஏசியை நிறுத்திவிட்டு, முப்பது பேரும் கலைந்து கிடக்கும் துணிகளை மடித்து அடுக்கும் ஒன்றரை மணி நேரம் அது. காசு செலவே இல்லாமல் மாற்றக்கூடிய ஒன்று இதுதான்: ஷட்டரை முழுசாகத் திறந்து வையுங்கள், மின்விசிறிகளைப் போடுங்கள், முப்பது பேரையும் ஒன்றாக நிறுத்தாமல் பாதிப் பேரை மட்டும் நிறுத்துங்கள்.

பகலில் உள்ள பிரச்சினை ஸ்பிளிட் ஏசி. அது குளிர வைக்கிறதே தவிர வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறது. குளிர்ச்சியாக இருப்பதால் சுத்தமான காற்று என்று நினைத்துக்கொள்கிறோம். சுவரின் மேல்பகுதியில் நாலு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு, எதிர்ப்பக்கம் காற்று நுழைய வழி வைத்தால் போதும். மாட்டும் கூலியோடு சுமார் 15,000 ரூபாய்க்குள் முடிக்கப் பார்க்கலாம். ட்ரையல் ரூமுக்கு ஒன்று தனியாக. ஒரு மணி நேரத்தில் ஐந்து முறையாவது அறைக் காற்று முழுதும் மாறுவதற்குச் சமமான சுத்தக் காற்று வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-இல் பரிந்துரைத்தது. அதை நாம் அளக்க முடியாது. ஆனால் கார்பன் டை ஆக்சைடு மீட்டரில் ஓரளவு பார்க்கலாம். வெளியே 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் இருக்கும். கூட்ட நேரத்தில் கடைக்குள் 800-க்குள் இருந்தால் பரவாயில்லை. 1,500-ஐத் தாண்டினால், ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். சில ஆயிரம் ரூபாய்க்கு நல்ல மீட்டர் கிடைக்கும், என்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளியால் அளக்கும்) சென்சார் என்று கேட்டு வாங்குங்கள்.

இதற்கு முதலாளிகள் சொல்லும் எதிர்வாதம் நியாயமானது. எக்ஸாஸ்ட் ஓடினால் குளிர்ந்த காற்றும் வெளியே போகும், கரண்ட் பில் ஏறும். வாசலைத் திறந்து வைத்தால் ரோட்டுத் தூசி வெள்ளை வேட்டியிலும் பட்டிலும் படியும். தூசிதான் பயம் என்றால் ஹெப்பா ஃபில்டர் உள்ள ஏர் பியூரிஃபையர் ஒரு மாற்று, அது வைரஸ் ஒட்டிய துளிகளையும் பிடிக்கும். ஆனால் பெரிய ஹாலுக்கு ஒன்று போதாது, ஃபில்டர் மாற்றும் செலவும் உண்டு. என் ஓட்டு எக்ஸாஸ்டுக்கே. கரண்ட் பில்லில் ஏறுவதை ஏசியை 22-லிருந்து 25-க்கு மாற்றி ஓரளவு சரிக்கட்டலாம். லீவைப் போல இது ஆளின் நேர்மையையோ, ஊசியைப் போல வருடா வருடம் வரும் செலவையோ நம்பியில்லை. ஒரு முறை போட்டால் அடுத்த சீசனுக்கும் ஓடும், கொரோனாவுக்கும் சளிக்கும் சேர்த்தே வேலை செய்யும்.

மாஸ்க்கை எல்லோருக்கும் கட்டாயமாக்குவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. மாஸ்க்கின் குறை அல்ல இது. ஃப்ளூ நோயாளிகள் சர்ஜிகல் மாஸ்க் போட்டபோது அவர்கள் வெளிவிடும் வைரஸ் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்ததாக அமெரிக்காவில் 2013-இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. பிரச்சினை பன்னிரண்டு மணி நேரம் கத்திக் கத்தி விலை சொல்லும் வேலை. மத்தியானத்துக்குள் எல்லார் மாஸ்க்கும் தாடைக்கு இறங்கிவிடும். அதனால் யாருக்கு வேண்டுமோ அவர்களுக்கு மட்டும்: காய்ச்சல் முடிந்து திரும்பியவர், லேசாக இருமுகிறவர், நாள் முழுக்க ஆயிரம் முகத்தைப் பார்க்கும் பில்லிங் கவுண்டர் ஆள். ஒரு பெட்டி சர்ஜிகல் மாஸ்க் சில நூறு ரூபாய்தான். பில்லிங்கில் இருப்பவர் கேட்டால் என்-95 வாங்கிக் கொடுங்கள்.

சானிடைசர் ஸ்டாண்ட் எல்லாக் கடை வாசலிலும் இன்னும் நிற்கிறது, பாதி காலி பாட்டிலோடு. ஃப்ளூ வைரஸ் எஃகு, பிளாஸ்டிக் போன்ற பரப்பில் ஒன்றிரண்டு நாள் உயிரோடு இருக்கும். கையில் சில நிமிடம்தான். ரூபாய் நோட்டு? சுவிட்சர்லாந்தில் 2008-இல் நோட்டுகளில் வைரஸைத் தடவிப் பார்த்தார்கள். சில வகை மூன்று நாள் தாங்கியது. சளியோடு சேர்த்துத் தடவியபோது 17 நாள் வரைகூட. இதைப் படித்துக் கேஷ் கவுண்டரில் கையுறை வாங்கிவிடாதீர்கள், கையுறையோடு மூக்கைத் தொட்டாலும் அதேதான். எச்சில் தொட்டு நோட்டு எண்ணுவதை நிறுத்தி ஸ்பான்ஜ் டப்பா வைத்தால் போதும். கை கழுவுவதை மட்டும் வைத்து உறுதி செய்யப்பட்ட ஃப்ளூ பெரிதாகக் குறைந்ததாகச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரியவில்லை. வயிற்றுப்போக்கு போன்ற வேறு நோய்களுக்காகவே ஊழியர் கழிப்பறையில் சோப்பும் தண்ணீரும் இருக்க வேண்டும், அதைத் தனிச் செலவாக எழுதவே கூடாது.

காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியை விட்டுவிடலாம். பரப்பத் தொடங்கி ஒரு நாள் கழித்துத்தான் காய்ச்சலே வரும், பாராசிட்டமால் போட்டவருக்கு அதுவும் காட்டாது. பில்லிங்கில் தொங்கும் அக்ரிலிக் தடுப்பு தும்மலின் பெரிய துளியைத் தடுக்கும், மிதக்கும் துளி சுற்றிக்கொண்டு வரும். போதாக்குறைக்குக் காது கேட்காமல் எல்லோரும் பக்கவாட்டில் தலையை நீட்டிப் பேசுவார்கள். நிலவேம்புக் கஷாயம் காய்ச்சிக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். கொடுங்கள், அன்பாக இருக்கும். ஃப்ளூவைத் தடுக்கும் என்று எண்ணி லீவை மட்டும் அதில் கழித்துவிடாதீர்கள்.

கையில் 25,000 ரூபாய்தான் என்றால் நான் இப்படிப் பிரிப்பேன்: முதல் இரண்டு நாள் லீவுச் சம்பளத்துக்கு 10,000, மீதியில் எக்ஸாஸ்ட் ஃபேன். ஒரு லட்சம் இருந்தால் நான்கு நாளும் கடையே சம்பளம் தரட்டும், ஃபேனுக்கு 15,000, எல்லோருக்கும் ஊசி. அதற்கு மேல் மிச்சம் வருவது ஐந்தாயிரத்திலிருந்து இருபதாயிரம், அதில் மீட்டரும் மாஸ்க்கும் அடங்கும். ஊசிக்கு மட்டும் பணம் கட்டிவிட்டு லீவு கொடுக்காத கடையை நான் பாதி வேலை முடித்த கடை என்றுதான் சொல்வேன். ஊசி தப்பவிட்ட அந்த ஐந்து பேர் மறுபடியும் கவுண்டரில்தான் வந்து நிற்பார்கள்.

நாலு பேர் மட்டும் வேலை செய்யும் சின்னக் கடைகளுக்கு இந்தக் கணக்கு மாறும். அங்கே இ.எஸ்.ஐ. இருக்காது, ஹாஸ்டல் இருக்காது, ஒருவர் போனால் கால்வாசிக் கடை போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் நான் ஊசியை முதலில் வைப்பேன், நாலு பேருக்கு எட்டாயிரத்துக்குள் முடிந்துவிடும். காற்றோட்டத்துக்கு அவர்கள் செலவழிக்கவே வேண்டாம், பெரும்பாலும் ஏசி கிடையாது, வாசல் திறந்தே இருக்கும். லீவுக்குத்தான் வழி யோசிக்க வேண்டும். பக்கத்துக் கடைக்காரரோடு பேசி, சீசனுக்கு மட்டும் ஒரு பொதுவான மாற்று ஆளை இரண்டு மூன்று கடை சேர்ந்து வைத்துக்கொள்ளலாம். ஆகஸ்டிலேயே ஆள் பார்த்தால்தான் கிடைப்பார், அக்டோபரில் பெரிய கடைகள் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போயிருக்கும்.